சின்னத் தீவு நாடுகள் பிராந்திய அமைதிக்கு உண்மையில் என்ன செய்கின்றன?

கேள்வி இதுதான்: ஒன்றிரண்டு லட்சம் மக்கள், படை என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை, பட்ஜெட்டில் பாதி வெளிநாட்டு உதவி. இப்படிப்பட்ட தீவு நாடு பெரியவர்கள் சண்டையில் என்ன செய்துவிட முடியும்? மாநாட்டுக்கு மண்டபம் கொடுப்பதைத் தாண்டி ஏதாவது உண்டா?

உண்டு. ஆனால் வழக்கமாகச் சொல்லப்படும் "நடுநிலை", "நல்லெண்ணம்" ஆகியவற்றுக்கு அதில் பங்கு குறைவு. பலன் கிடைத்த இடங்களை வரிசையாகப் பார்த்தால் இரண்டு விஷயங்கள் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகின்றன. ஒன்று, அந்தத் தீவுக்கு இரு தரப்போடும் ஏற்கெனவே கொடுக்கல் வாங்கல் இருந்திருக்கிறது. இரண்டு, யார் யாரைக் கூப்பிட வேண்டும், எத்தனை நாளுக்குள், எந்தச் சாவி யார் கையில் என்பது எழுத்தில் இருந்திருக்கிறது. இவை இல்லாத இடங்களில் அறிக்கை மட்டுமே மிஞ்சியது.

2023 டிசம்பரில் கரீபியனில் நடந்ததைக் கொஞ்சம் நெருக்கமாகப் பார்க்கலாம். கயானாவின் நிலப்பரப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு எசெக்விபோ பகுதி, சுமார் 1,60,000 சதுர கிலோமீட்டர். 1899-இல் ஒரு நடுவர் மன்றம் அதன் பெரும்பகுதியை அன்றைய பிரிட்டிஷ் கயானாவுக்குக் கொடுத்தது. வெனிசுவேலா அந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை. 2015-இல் கயானா கடற்பகுதியில் பெரிய அளவில் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டதும் பழைய தகராறு சூடேறியது. 2018-இல் கயானா சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. 2023 டிசம்பர் 3-ஆம் தேதி வெனிசுவேலா அந்தப் பகுதியைத் தன் மாநிலமாக்குவது பற்றிப் பொதுவாக்கெடுப்பே நடத்திவிட்டது. பதினோரு நாள் கழித்து, டிசம்பர் 14-இல், இரு அதிபர்களும் செயின்ட் வின்சென்ட் தீவின் ஆர்கைல் விமான நிலையத்தில் நேருக்கு நேர் உட்கார்ந்தார்கள்.

செயின்ட் வின்சென்ட்டின் மக்கள்தொகை சுமார் ஒரு லட்சத்துப் பத்தாயிரம்தான். சந்திப்புக்கு அந்தத் தீவு ஏன்? அப்போதைய பிரதமர் ரால்ஃப் கோன்சால்வஸ் வெனிசுவேலா அரசுக்கு நெருக்கமானவர். பெட்ரோகரீபே திட்டத்தில் அவருடைய நாடு சலுகை எண்ணெய் வாங்கியது. அந்த விமான நிலையமே வெனிசுவேலா, கியூபா உள்ளிட்ட நாடுகளின் உதவியோடு கட்டப்பட்டது. இன்னொரு பக்கம், கயானாவும் செயின்ட் வின்சென்ட்டும் கரிகாம் எனும் கரீபிய நாடுகளின் கூட்டமைப்பில் ஒன்றாக இருக்கும் நாடுகள், கயானாவின் எல்லையை ஆதரிப்பது கரிகாமின் நீண்டகால நிலைப்பாடு. போதாக்குறைக்கு அந்த நேரத்தில் லத்தீன் அமெரிக்க, கரீபிய நாடுகளின் செலாக் அமைப்புக்கும் அவரே தலைவர். பாடப்புத்தக அர்த்தத்தில் இது நடுநிலை கிடையாது. இரண்டு வீட்டிலும் உரிமையோடு கதவைத் தட்டக்கூடிய நிலை. மத்தியஸ்தத்தில் அதுதான் பயன்படுகிறது.

அங்கே கையெழுத்தான பதினோரு அம்சப் பிரகடனத்தை வாசித்துப் பார்ப்பது நல்லது, வரைவுக்கலைக்கு அது ஒரு பாடம். நேரடியாகவோ மறைமுகமாகவோ பலத்தைப் பயன்படுத்துவதில்லை, மிரட்டுவதில்லை என்று தொடங்குகிறது. அடுத்து வருவதுதான் சாமர்த்தியம். நீதிமன்ற நடைமுறைக்குக் கட்டுப்பட்டிருப்பதாகக் கயானா சொல்வதையும், இந்த எல்லை விவகாரத்தில் அந்த நீதிமன்றத்தின் அதிகாரத்தைத் தான் ஏற்கவில்லை என்று வெனிசுவேலா சொல்வதையும் அடுத்தடுத்து "குறித்துக்கொள்கிறது", அவ்வளவுதான். யார் சரி என்று ஒரு வார்த்தை கிடையாது. இதனால் இரண்டு அதிபர்களும் ஊருக்குத் திரும்பி "நான் விட்டுக்கொடுக்கவில்லை" என்று சொல்ல முடிந்தது. அதைவிட முக்கியம் இன்னொரு அம்சம்: எல்லையில் ஏதாவது சம்பவம் நடந்தால் இரு நாடுகளும் உடனே ஒன்றோடொன்று பேச வேண்டும், கூடவே கரிகாமுக்கும் செலாக்குக்கும் பிரேசில் அதிபருக்கும் தெரிவிக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் அடுத்த சந்திப்பு பிரேசிலில். வெளியுறவு அமைச்சர்கள் கொண்ட ஒரு கூட்டுக் குழு.

பரிட்சை பதினைந்தே நாளில் வந்தது. டிசம்பர் கடைசியில் பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஒன்று கயானாவுக்கு வந்தது. பதிலுக்கு வெனிசுவேலா 5,600-க்கும் மேற்பட்ட படையினரைக் கொண்டு ஒத்திகை அறிவித்தது. ஆர்கைல் காகிதம் கிழிந்துவிட்டது என்றே பலரும் நினைத்தார்கள். ஆனால் 2024 ஜனவரி 25-இல் இரு வெளியுறவு அமைச்சர்களும் பிரேசிலியாவில் சந்தித்தார்கள். ஏப்ரலில் வெனிசுவேலா அந்தப் பகுதியை இணைக்கும் சட்டத்தைப் பிரகடனம் செய்தது. 2025 மார்ச்சில் அதன் ரோந்துக் கப்பல் கயானாவின் எண்ணெய்த் தளங்கள் பக்கம் வந்து போனது. தகராறு தீரவில்லை, தீர்க்கும் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. வாக்கெடுப்புச் சூட்டில் நடந்திருக்கக்கூடிய ஒரு மோதலை நீதிமன்றத் தேதி வரை ஆர்கைல் பிரகடனம் தள்ளிப்போட்டது. சின்ன நாடு ஒன்றால் யதார்த்தமாகச் செய்ய முடிந்தது அந்தத் தள்ளிப்போடுதல்தான், அது சின்ன விஷயமும் இல்லை.

இடம் கொடுப்பது என்பதைக் குறைத்துப் பேசுகிறவர்கள் உண்டு. 2018 ஜூன் 12-இல் அமெரிக்க, வட கொரியத் தலைவர்கள் சிங்கப்பூரில் சந்தித்தபோது அந்த அரசு 1.63 கோடி சிங்கப்பூர் டாலர் செலவழித்தது, பெரும்பகுதி பாதுகாப்புக்கு. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செய்தியாளர்களுக்கு இடம், வான்வெளி அனுமதி, இரு தரப்புக்கும் தனித்தனி வழி, ஒருவருக்கு ஒரு சலுகை கொடுத்தால் மற்றவருக்கும் அதே சலுகை. 2015 நவம்பர் 7-இல் அதே ஊரில் சீனாவின் ஷி ஜின்பிங்கும் தைவானின் மா யிங்-ஜியோவும் சந்தித்தபோது இரண்டு பேரும் "அதிபர்" என்ற பட்டத்தைத் தொடவே இல்லை, "திரு" என்று அழைத்துக்கொண்டார்கள். இரவு விருந்துக்கான பில்லையும் இரு தரப்பும் பாதிப்பாதியாகக் கொடுத்தன. யார் விருந்தாளி, யார் விருந்து வைப்பவர் என்ற கேள்வியே எழக்கூடாது என்பதற்காக. இப்படிப்பட்ட ஏற்பாட்டைச் செய்ய இரு தரப்பின் நெறிமுறை அதிகாரிகளையும் வருடக்கணக்கில் பழகி வைத்திருக்க வேண்டும். 1989 டிசம்பரில் மால்டாவில் நடந்த புஷ்-கோர்பச்சேவ் சந்திப்பில் சிக்கலே வேறு: போர்க்கப்பல்களில் மாறி மாறிச் சந்திப்பது என்று திட்டம், புயலில் அது முடியாமல் துறைமுகத்தில் கட்டியிருந்த சோவியத் பயணிகள் கப்பலுக்குக் கூட்டம் மாறியது. ஆனால் இடம் கொடுத்தவருக்கு முடிவில் பங்கில்லை. சிங்கப்பூர்ச் சந்திப்பின் கூட்டறிக்கையில் கால அட்டவணையும் சரிபார்ப்பு முறையும் இல்லை. அடுத்த வருடமே ஹனோயில் பேச்சு முறிந்தது.

இதற்கு நேர் எதிரான உதாரணம் பூகன்வில். எனக்குத் தெரிந்து சிறு தீவுகள் அமைதிக்குச் செய்த வேலையில் மிகக் கவனமானது இதுதான், ஆனால் பேசப்படுவது குறைவு. பப்புவா நியூ கினியின் பூகன்வில் தீவில் பாங்குனா செம்புச் சுரங்கத்தை ஒட்டி 1988-இல் வெடித்த போர் பத்தாண்டுகள் ஓடியது, ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். 1991 ஜனவரியில் பக்கத்து நாடான சாலமன் தீவுகளின் தலைநகரில் ஹோனியாரா பிரகடனம் கையெழுத்தானது, அமலாகவில்லை. 1994 அக்டோபரில் ஃபிஜி, டோங்கா, வனுவாட்டு படையினரைக் கொண்ட தென் பசிபிக் அமைதிப்படை அராவா நகரில் சமாதான மாநாட்டுக்குக் காவல் நின்றது. மாநாடு தோற்றது, ஏனென்றால் பூகன்வில் புரட்சிப் படையின் முக்கியத் தலைவர்கள் வரவே இல்லை. காரணம் சாதாரணமானது: படை வந்து சேர்ந்தது மாநாட்டுக்குச் சில நாட்களுக்கு முன்புதான், "வழியில் சுட்டுவிட மாட்டார்கள்" என்று கிளர்ச்சியாளர்கள் நம்பும் அளவுக்கு அவகாசம் இல்லை. அரசுத் தரப்பு அவசரப்பட்டது. ஒப்பந்தத்தில் என்ன எழுதுவது என்பதிலேயே எல்லாரும் கவனமாக இருப்பார்கள். பேச்சுக்கு வருபவர் உயிரோடு திரும்புவாரா என்பதைக் கடைசி வாரத்தில் யோசிப்பார்கள். அராவாவில் நடந்தது அதுதான்.

1997-இல் மூன்று விஷயங்கள் மாறின. கூலிப்படையைக் கொண்டுவர முயன்று பப்புவா நியூ கினி அரசே ஆட்டம் கண்டிருந்தது. நியூசிலாந்து தன் பர்ன்ஹாம் ராணுவ முகாமில் முதலில் பூகன்வில் பிரிவுகளுக்குள் மட்டும் பேச வைத்தது, பிறகுதான் அரசோடு. அக்டோபரில் போர் ஓய்வு. அதைக் கண்காணிக்க வந்த குழுவில் நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, ஃபிஜி, வனுவாட்டு. யாரிடமும் ஆயுதம் கிடையாது. தலைமை ஆஸ்திரேலியாவிடம் போகவில்லை, காரணம் சுரங்கத்தின் பெரும்பங்கு ஆஸ்திரேலியத் தொடர்புள்ள கம்பெனியிடம் இருந்தது, அரசுப்படை பயன்படுத்திய ஹெலிகாப்டர்களும் ஆஸ்திரேலியா கொடுத்தவை. ஊர் ஊராக நடந்து போய் "சண்டை நின்றுவிட்டது" என்று சொல்லும் வேலைக்கு ஃபிஜிக்காரரும் வனுவாட்டுக்காரரும் பொருத்தமாக இருந்தார்கள். வனுவாட்டின் பிஸ்லாமாவும் பப்புவா நியூ கினியின் டோக் பிசினும் நெருங்கிய உறவுள்ள மொழிகள், உட்கார்ந்து பேச முடிந்தது.

2001 ஆகஸ்ட் 30-இல் கையெழுத்தான ஒப்பந்தத்தின் ஆயுத ஒப்படைப்புப் பகுதியைப் பாருங்கள். மூன்று கட்டம். முதல் கட்டத்தில் ஆயுதங்கள் அந்தந்த ஊர்த் தளபதியின் பொறுப்பில் பெட்டிகளில் போடப்படும். இரண்டாம் கட்டத்தில் அவை பெரிய கண்டெய்னருக்கு மாறும். அதற்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி தளபதியிடம், இன்னொன்று ஐநா கண்காணிப்புக் குழுவிடம். இருவரும் சேர்ந்து நின்றால்தான் திறக்கும். ஆயுதங்களை அழிப்பதா வேண்டாமா என்பது மூன்றாம் கட்டம். தன்னாட்சிக்கான அரசியல் சட்டத் திருத்தம் அமலுக்கு வர வேண்டுமானால் இரண்டாம் கட்டம் முடிந்ததென்று ஐநா சான்று தர வேண்டும். அரசு ஏமாற்றினால் கிளர்ச்சியாளர் கையில் ஒரு சாவி. கிளர்ச்சியாளர் ஏமாற்றினால் தன்னாட்சி வராது. சுதந்திரம் பற்றிய கேள்வியை 2015-க்கும் 2020-க்கும் இடையில் நடக்க வேண்டிய வாக்கெடுப்புக்குத் தள்ளி வைத்தார்கள். 2019 இறுதியில் அது நடந்து 97.7 சதவீதம் சுதந்திரத்துக்கு விழுந்தது. ஆனால் முடிவைப் பப்புவா நியூ கினி நாடாளுமன்றம் ஏற்க வேண்டும் என்ற வரியும் ஒப்பந்தத்தில் இருக்கிறது. இன்றைய இழுபறி எல்லாம் அந்த ஒரு வரியிலிருந்து வருகிறது. அன்று அந்த வரி இல்லாவிட்டால் அரசு கையெழுத்தே போட்டிருக்காது என்பதும் உண்மை.

2000-ஆம் ஆண்டு மே மாதம் ஃபிஜியில் ஆட்சிக் கவிழ்ப்பு, ஜூனில் சாலமன் தீவுகளில் பிரதமர் துப்பாக்கி முனையில் பிடிக்கப்பட்டார். அந்த அக்டோபரில் கிரிபட்டியில் கூடிய பசிபிக் தீவுகள் மன்றம் பிகெடாவா பிரகடனத்தை நிறைவேற்றியது. அதுவரை "உறுப்பு நாட்டின் உள்விவகாரத்தில் தலையிடுவதில்லை" என்பது பழக்கம். இதில் படிப்படியான நடைமுறை எழுதப்பட்டது: நெருக்கடி வந்தால் மன்றத்தின் பொதுச்செயலாளர் உறுப்பினர்களைக் கலந்து கூட்டறிக்கை விடலாம், அமைச்சர்கள் குழு அமைக்கலாம், உண்மை கண்டறியும் குழு அனுப்பலாம், மூத்தவர்கள் குழுவைக் கூட்டலாம், மூன்றாம் தரப்பு மத்தியஸ்தம் கோரலாம், நிறுவனங்களுக்கு ஆதரவு தரலாம், அதற்கும் மசியாவிட்டால் தலைவர்களின் சிறப்புக் கூட்டம். 2003-இல் சாலமன் தீவுகளுக்குப் போன ராம்சி எனும் பிராந்திய உதவிப் படை இந்த அடிப்படையில் போனது. பதினைந்து நாடுகள் பங்கெடுத்தன, பணமும் ஆளும் பெரும்பாலும் ஆஸ்திரேலியாவுடையது. சாலமன் தீவுகள் நாடாளுமன்றம் சட்டம் இயற்றித்தான் அவர்களை அழைத்தது, அதே நாடாளுமன்றம் வெளியே அனுப்பவும் முடியும். டோங்காவும் சமோவாவும் துவாலுவும் சேர்ந்து நின்றதால் அது ஆக்கிரமிப்பாகத் தெரியவில்லை. இதே படை ஆஸ்திரேலியக் கொடியோடு மட்டும் வந்து இறங்கியிருந்தால் கதை வேறு.

ராம்சி 2017 ஜூன் வரை பதினான்கு வருடம் இருந்தது. துப்பாக்கிகள் போயின, போலீஸ் திருந்தியது. நிலம், வேலை, மாகாணங்களுக்கு இடையேயான பொறாமை அப்படியே இருந்தன. 2021 நவம்பரில் ஹோனியாரா மறுபடி எரிந்தது, 2022-இல் அந்நாடு சீனாவோடு பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டது.

சட்டம் என்ற வழி தனி. 1967 நவம்பர் 1-இல் மால்டாவின் ஐநா தூதர் அர்விட் பார்டோ, ஆழ்கடல் அடித்தளம் மனிதகுலத்தின் பொதுச்சொத்து என்று பேசினார். மால்டா சுதந்திரம் பெற்று அப்போது மூன்று வருடம். அதிலிருந்து கிளம்பிய கடற்சட்ட மாநாட்டுக்கு முதல் தலைவர் இலங்கையின் ஹாமில்டன் ஷெர்லி அமரசிங்க. 1980-இல் அவர் இறந்தபின் சிங்கப்பூரின் டாமி கோ முடித்து வைத்தார். 1982-இல் ஒப்பந்தம் தயாரானதும் முதலில் ஏற்பு வழங்கியது ஃபிஜி. இன்று இரண்டு நாடுகள் கடல் எல்லைக்காகக் கப்பலை அனுப்பாமல் வக்கீலை அனுப்புகின்றன என்றால் அதற்கான அடித்தளத்தில் தீவுக்காரர்களின் கை நிறையவே இருக்கிறது.

அதைப் பயன்படுத்துவதில் கைதேர்ந்தது மொரிஷியஸ். சாகோஸ் தீவுக்கூட்டத்தை 1965-இல் பிரிட்டன் முப்பது லட்சம் பவுண்டு கொடுத்துப் பிரித்துக்கொண்டது, டியேகோ கார்சியாவில் அமெரிக்கத் தளம் வந்தது. பிரிட்டன் சம்மதிக்காமல் இறையாண்மை வழக்கை சர்வதேச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக முடியாது. எனவே சுற்றி வந்தார்கள். 2010-இல் பிரிட்டன் அங்கே கடல் பாதுகாப்புப் பகுதி அறிவித்ததும் கடற்சட்டத்தின் கீழ் நடுவர் மன்றம். 2015-இல் பிரிட்டன் விதி மீறியதாகத் தீர்ப்பு. 2017-இல் பொதுச்சபை வழியாக ஆலோசனைக் கருத்து கேட்டார்கள், 94 ஆதரவு, 15 எதிர்ப்பு. 2019 பிப்ரவரியில் நீதிமன்றம் பிரிட்டன் வெளியேற வேண்டும் என்றது; மே மாதம் பொதுச்சபையில் 116-க்கு 6. ஆலோசனைக் கருத்து யாரையும் கட்டுப்படுத்தாது. ஆகவே அடுத்த நகர்வு: மாலத்தீவோடு இருந்த கடல் எல்லை வழக்கில், "சாகோஸ் எங்களுடையது என்பது முடிந்த விஷயம்" என்று வாதாடி 2021-இல் கடற்சட்டத் தீர்ப்பாயத்தின் சிறப்பு அமர்வை ஒத்துக்கொள்ள வைத்தார்கள். 2025 மே 22-இல் பிரிட்டன் இறையாண்மையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. தளத்துக்கு 99 வருடக் குத்தகை, சராசரியாக வருடம் 10.1 கோடி பவுண்டு. பிரிட்டனுக்குள் அதற்குக் கடும் எதிர்ப்பு இருக்கிறது என்பது ஒருபுறம். துரத்தப்பட்ட சாகோஸ் மக்களில் பலர், எங்களைக் கேட்காமல் பேசி முடித்தார்கள் என்கிறார்கள். அந்தக் குறை நியாயமானது. அந்த 116-க்கு 6 வாக்கெடுப்பில் எதிர்த்த ஆறில் மாலத்தீவும் ஒன்று. தன் கடல் எல்லைக் கணக்கு கெட்டுவிடும் என்ற பயம். தீவுகள் எல்லாம் ஒன்றுக்கொன்று துணை என்று நினைப்பவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

சண்டை வருவதற்கு முன்பே தீர்ப்பதும் உண்டு, செய்தியில் வராது. மொரிஷியசும் செஷல்சும் மாஸ்கரீன் பீடபூமியில் சுமார் 3,96,000 சதுர கிலோமீட்டர் கண்டத்திட்டைப் பங்குபோட்டுச் சண்டையிடாமல், ஐநா குழுவிடம் கூட்டாகவே உரிமை கோரின. 2012 மார்ச்சில் கூட்டு நிர்வாக ஒப்பந்தம். எண்ணெய் கிடைத்தால் வருமானம் சரிபாதி. கோடு எங்கே என்ற கேள்வியை எழுப்பவே இல்லை.

வழக்கு எல்லா நேரமும் எடுபடாது. 1946-58 காலத்தில் 67 அணு வெடிப்புகளைச் சந்தித்த மார்ஷல் தீவுகள் 2014-இல் ஒன்பது அணு ஆயுத நாடுகள் மேல் மனு போட்டது. நீதிமன்றத்தின் கட்டாய அதிகாரத்தை ஏற்றிருந்தவை இந்தியா, பாகிஸ்தான், பிரிட்டன் மூன்றுதான். 2016-இல் "உங்களுக்குள் தகராறு இருந்ததாகவே நிரூபிக்கவில்லை" என்று தள்ளுபடி; பிரிட்டன் வழக்கில் நீதிபதிகள் 8-8, தலைவரின் கூடுதல் வாக்கால் போயிற்று. அதாவது வழக்குக்கு முன் எதிர்த்தரப்புக்கு எழுத்துமூலம் கோரிக்கை வைத்து மறுப்பை வாங்கி வைத்திருந்தால் முடிவு மாறியிருக்கக்கூடும். வனுவாட்டு இதிலிருந்து வேறு பாதை எடுத்தது: யார் மேலும் வழக்கு போடாமல், பருவநிலைக் கடமைகள் பற்றி ஆலோசனைக் கருத்து. 2019-இல் சட்ட மாணவர்கள் கிளப்பிய யோசனை. 2023 மார்ச் 29-இல் 132 நாடுகள் கூட்டாக முன்மொழிந்து பொதுச்சபையில் வாக்கெடுப்பே இல்லாமல் நிறைவேறியது. 2025 ஜூலை 23-இல் கருத்து வந்தது. நான்கு வருடம் தலைநகரம் தலைநகரமாகப் போய் வரைவின் ஒவ்வொரு சொல்லையும் பேரம் பேசியதால்தான் அந்த 132.

எண்ணிக்கை பற்றிச் சொல்லும்போது டூனா மீன் கதையை விட முடியாது. கடலோர நாடு டூனாவுக்கு உரிமை கொண்டாட முடியாது என்பது 1980-களில் அமெரிக்கச் சட்டம். 1984-இல் சாலமன் தீவுகள் ஓர் அமெரிக்க மீன்பிடிக் கப்பலைப் பிடித்தது, அமெரிக்கா அதன் மீன் இறக்குமதிக்குத் தடை போட்டது. 1985-இல் கிரிபட்டி சோவியத் யூனியனோடு மீன்பிடி ஒப்பந்தம் போட்டது. வாஷிங்டன் விழித்துக்கொண்டது, 1987-இல் தீவு நாடுகள் அனைத்தோடும் சேர்த்து ஒரே டூனா ஒப்பந்தம். பின்னாளில், டூனா வளத்தைச் சேர்ந்து நிர்வகிக்கும் நவ்ரு ஒப்பந்தத்தின் எட்டு நாடுகள் மீன்பிடி நாட்களை விற்கும் முறைக்கு மாறின. ஒரு கப்பலுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் 8,000 அமெரிக்க டாலர். யாரும் தனியாக விலை குறைக்கக்கூடாது. இது பொருளாதாரம் போலத் தெரியும், ஆனால் தனித்தனியாக விலைபேசப்படுவதிலிருந்து தப்பித்த நாடுகள் பாதுகாப்பு விஷயத்திலும் சேர்ந்து பேசப் பழகின. 2022 மே 30-இல் சீன வெளியுறவு அமைச்சர் போலீஸ், இணையப் பாதுகாப்பு எல்லாம் அடங்கிய கூட்டு ஆவணத்தைப் பத்துத் தீவு நாடுகள் முன் வைத்தபோது, "எங்களுக்குள் முதலில் பேச வேண்டும்" என்ற ஒரே பதிலில் அது நின்றுபோனது. 

அந்த ஒற்றுமையும் எவ்வளவு மெலிசு என்பதற்கு அதற்கு முந்தைய வருடமே சாட்சி. பசிபிக் தீவுகள் மன்றத்தின் பொதுச்செயலாளர் பதவி துணைப்பிராந்தியங்களுக்கு இடையே சுழலும் என்பது வாய்மொழிப் புரிதல். 2021 பிப்ரவரியில் தங்கள் முறை என்று வடக்கே உள்ள மைக்ரோனேசியத் தீவு நாடுகள் நினைத்தன. வாக்கெடுப்பில் 9-8 என்று வேறொருவர் வந்தார். அந்த ஐந்து மைக்ரோனேசிய நாடுகளும் வெளியேறுவதாக அறிவித்தன. 2022-இல் சுவா ஒப்பந்தம் சுழற்சியை எழுத்தில் கொண்டுவந்தது, சில அலுவலகங்களை வடக்கே மாற்றியது. அப்போதும் கிரிபட்டி வரவில்லை. 2023 ஜனவரியில் ஃபிஜியின் பிரதமர் ரபூகா நேரில் போய் மரபுச் சடங்கோடு மன்னிப்புக் கேட்டார், மாத முடிவுக்குள் திரும்பி வந்தது. ஒரு பக்கம் விதி எழுத வேண்டும், இன்னொரு பக்கம் பாய் விரித்து உட்கார வேண்டும். பசிபிக்கில் ஒன்று மட்டும் போதாது.

நடைமுறைப் பலவீனங்கள் வேறு. ஐநா பொதுச்சபையில் ஆறு முதன்மைக் குழுக்கள் ஒரே நேரத்தில் கூடும். பல தீவுகளின் நியூயார்க் தூதுக்குழுவில் அந்த ஆறுக்கும் ஆள் இருக்காது. அதனால் சிறு தீவு நாடுகள் கூட்டணியில் ஒரு நாடு ஒரு விஷயத்தைப் பார்த்துக்கொண்டு மற்றவர்களுக்கும் சேர்த்துப் பேசும். ஐநா சந்தா குறைந்தபட்சம் மொத்த பட்ஜெட்டில் 0.001 சதவீதம்தான், ஆனால் இரண்டு வருடப் பாக்கி சேர்ந்தால் சாசனத்தின் 19-ஆம் பிரிவின்படி வாக்குரிமை போய்விடும். கொமொரோஸ் விலக்குக் கேட்டே பலமுறை காலம் தள்ளியது. இன்னொன்று, அங்கீகாரத்தை விற்பது. நவ்ரு 2002-இல் சீனா, 2005-இல் தைவான், 2024-இல் மறுபடி சீனா; நடுவில் 2009-இல், ஜார்ஜியாவிலிருந்து பிரிந்து ரஷ்ய ஆதரவில் நிற்கும் அப்காசியாவையும் தெற்கு ஒசேஷியாவையும் அங்கீகரித்தது. அதன் நிதி நெருக்கடியைப் பார்த்தால் குறை சொல்ல மனம் வராது. ஆனால் அடுத்த முறை சமரசம் பேசப் போனால் எதிரே இருப்பவர் முதலில் கேட்பது "இதற்கு யார் பணம் கொடுத்தார்கள்" என்பதாகத்தான் இருக்கும்.

கடைசியாக, "அமைதி மண்டலம்" என்ற வகை. 1971 டிசம்பர் 16-இல் இலங்கையின் முன்முயற்சியில் இந்தியப் பெருங்கடல் அமைதி மண்டலம் என்று பொதுச்சபை அறிவித்தது: 61 ஆதரவு, எதிர்ப்பு பூஜ்யம், 55 நாடுகள் வாக்களிக்கவில்லை. அந்த 55-இல் அங்கே கப்பல் வைத்திருந்த அமெரிக்காவும் சோவியத் யூனியனும் அடக்கம். அடுத்த வருடம் ஒரு தனிக்குழு அமைத்தார்கள், கொழும்பில் ஒரு மாநாடு நடத்த வருடக்கணக்கில் பேசினார்கள், டியேகோ கார்சியா தளம் வளர்ந்துகொண்டே போனது. 1985-இல் தென் பசிபிக் நாடுகள் கையெழுத்திட்ட ராரோடோங்கா ஒப்பந்தம் ஆசையைக் குறைத்துக்கொண்டது. அணு ஆயுதம் செய்யக்கூடாது, வைக்கக்கூடாது, சோதிக்கக்கூடாது. ஆனால் அணு ஆயுதக் கப்பல் துறைமுகத்துக்கு வரலாமா என்பதை ஒவ்வொரு நாடும் தானே முடிவு செய்யலாம். இது போதாது என்று வனுவாட்டு பத்து வருடம் கையெழுத்திடாமல் இருந்தது. வல்லரசுகள் கையெழுத்திடுவதற்கென்று நெறிமுறைகள் எனப்படும் துணை ஒப்பந்தங்கள் இணைக்கப்பட்டன; பிரான்ஸ், தன் கடைசிச் சோதனைகளை முடித்துவிட்டு, 1996 மார்ச்சில் அமெரிக்கா, பிரிட்டனோடு சேர்ந்து கையெழுத்திட்டது. அமெரிக்கா இன்னும் ஏற்பு வழங்கவில்லை.

2025 செப்டம்பரில் ஹோனியாராவில் பசிபிக் தலைவர்கள் ஏற்ற "அமைதிப் பெருங்கடல்" பிரகடனத்தை இந்த இரண்டில் எதன் பக்கம் வைப்பது? இப்போதைக்கு 1971-க்குப் பக்கத்தில் என்பேன். அது அரசியல் பிரகடனம், சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தாது; ராரோடோங்காவைப் போல வெளி வல்லரசுகள் கையெழுத்திட வேண்டிய நெறிமுறைகளும் அதனுடன் இல்லை. ஏற்கெனவே ஆளுக்கொரு திசையில் போட்டுவைத்திருக்கும் பாதுகாப்பு ஒப்பந்தங்களைத் தொடவும் இல்லை. 1971-இல் இல்லாத ஒன்று இன்று இருக்கிறது: இருபத்தைந்து வருடமாகப் பயன்படுத்திப் பழகிய பிகெடாவா நடைமுறை. அந்தப் படிகளில் ஒன்றாக, ஒரு உறுப்பு நாடு புதிய பாதுகாப்பு ஒப்பந்தம் போடும் முன் மற்றவர்களுக்கு இத்தனை நாள் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும் என்ற வரியைச் சேர்க்கிறார்களா என்று கவனியுங்கள். சேர்த்தால் அதற்குப் பல் முளைக்கும்.